அன்ரியின் டியூலிப் பாத்தி

மார்ச் மாதம் பிறந்தால் மெல்பேர்ணில் வசதியான வீட்டுக்காரருக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். வெயில் இன்னும் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்கும். பெட்டூனியா இன்னும் தொட்டி நிறையப் பூத்திருக்கும். ஆனால் நாட்காட்டியில் இலையுதிர் காலம் என்று போட்டாயிற்று. ஆகவே பூத்த செடியைப் பிடுங்க வேண்டும், புல்லுக்கு உரம் போட வேண்டும், ரோசாவின் காய்ந்த தலைகளை வெட்ட வேண்டும், பாத்தியைக் கொத்திப் பசளை கலந்து, ஏழு மாதம் கழித்துப் பூக்கப்போகிற ஏதோவொரு கிழங்குக்காக இடத்தை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். பூத்திருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இனிப் பூக்கப்போவதற்காகக் காத்திருப்பவர்களை நான் இந்த நாட்டில்தான் கண்டேன். அவர்களுடைய தோட்டங்களைத் துப்புரவாக்கித்தான் என் வயிறு நிறைகிறது என்பதால், வாயை மூடிக்கொண்டு பிடுங்குவேன்.

அப்படி நான் கிழமைக்கு ஒருமுறை போகிற வீடுகளில் ஒன்று, கிளேட்டனுக்குச் சற்று அப்பால் இருக்கும் ஒரு தமிழ் அன்ரியின் வீடு. மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வேறு வேறு நாடுகளில். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் பிளேனில் வந்து இறங்கியவர். நான் வள்ளத்தில் வந்தவன். இரண்டு பேருக்கும் நடுவில் கடல் கிடந்தது என்று சொன்னால் மிகை இல்லை. எந்த ஊர் அன்ரி என்று முதல் நாள் கேட்டேன். "யாழ்ப்பாண ரவுண்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டப் போய்விட்டார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. தலையில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான்.

நகரத்தில் பிறந்து வளர்ந்த ரவுண்காரருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எங்கள் ஐயா வெங்காயம் செய்தவர். பன்னிரண்டு வயதிலிருந்து நான் குனிந்து வெங்காயம் நட்டு, குனிந்து களை பிடுங்கி, குனிந்தே கிண்டியவன். அந்த வேலையை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனாலும் மண்ணைக் கையில் எடுத்தால் எனக்கு அது விளங்கும். அன்ரிக்கு ஒரு அச்சடித்த தாள் விளங்கும். அவர் சேர்ந்திருந்த தோட்டச் சங்கம் மாதாமாதம் அனுப்புகிற தாள் அது. இந்த மாதம் செய்ய வேண்டியவை என்று மேலே போட்டிருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் பேனையால் ஒரு சரி போடுவார்.

அந்தச் சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் இருபது பேர், அவர்களுக்கு நடுவில் எங்கள் அன்ரி ஒருத்தர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒருவருடைய தோட்டத்தைத் திறந்து வைத்து, மற்றவர்கள் வந்து சுற்றிப் பார்த்து, ஸ்கோனும் ஜாமும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பதினொரு வருடம் மற்றவர்களின் ஸ்கோனைச் சாப்பிட்டுக் களைத்த அன்ரிக்குப் போன வருடம்தான் முறை வந்தது. அதற்கு டியூலிப் வேண்டுமாம். சாதாரண டியூலிப்பும் அல்ல. கறுப்பென்று சொல்லக்கூடிய ஊதா நிறத்தில், மலைப்பக்கத்து நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து சொல்லி எடுப்பித்த நாற்பது கிழங்குகள். இரண்டு கிழமை பூத்துவிட்டுச் செத்துப்போகிற, தின்னவும் முடியாத, மாலை கட்டவும் உதவாத ஒரு பூவுக்கு இத்தனை ஆரவாரம்.

வேறு யாராவது என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பேன். ஆனால் அந்த மார்ச்சில் எனக்கு அவரிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. என் அகதி மனு இரண்டு தரம் தள்ளுபடியாகி, கடைசியாக அமைச்சருக்கு ஒரு விண்ணப்பம் போடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். அதோடு, என்னை நன்றாகத் தெரிந்த குடியுரிமைக்காரர் ஐந்து பேரிடம் கடிதம் வாங்கி மே முடிவதற்குள் தர வேண்டும் என்றார். நாலு கடிதம் கிடைத்துவிட்டது. ஐந்தாவது அன்ரியுடையது. மருந்துக்கடை நடத்தியவர், பத்திரங்களில் கையெழுத்திட்டு உறுதிசெய்கிற சமாதான நீதவான், வெள்ளைக்காரர் சங்கத்தில் உறுப்பினர். மற்ற நாலையும் விட அந்த ஒன்றுக்குத்தான் கனம் இருக்கும் என்று லோயர் சொன்னார். அது கிடைக்காமல் போனால் என் கதை என்னவாகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்ரியிடம் கேட்டேன். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"எழுதுவம் தம்பி, எழுதுவம். முதல்லை இந்த பல்ப் அலுவலை முடிப்பம்."

மனிதனுடைய அலுவலுக்கு முன்னால் கிழங்கின் அலுவல். அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிற தருணங்களில் அதுவும் ஒன்று.

பிறகுதான் கிழங்கின் அலுவல் என்னவென்று தெரிந்தது. மெல்பேர்ண் குளிர் டியூலிப்புக்குப் போதாதாம். நடுவதற்கு முன் ஆறு கிழமை பிரிட்ஜில் வைத்து, குளிர்காலம் வந்துவிட்டது என்று அதை நம்பவைக்க வேண்டுமாம். எங்களுக்கு ஒரு கம்பளி வாங்க ஆளில்லை, கிழங்குக்கு ஏமாற்றுக் குளிர்காலம். அன்ரியின் வீட்டில் ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவுப் பிரிட்ஜ் ஒன்று நின்றது. கதவிலேயே ஐஸ் கொட்டும். ஆனால் அவர் ஒரு பழுப்புக் காகிதப் பையை என்னிடம் நீட்டினார்.

"இதை உம்மடை பிரிட்ஜிலை வையும் தம்பி. மரக்கறி வைக்கிற தட்டிலை. என்ரை பிரிட்ஜ் நிறைய அப்பிள் கிடக்கு. அப்பிளோடை வைச்சா பூ உள்ளுக்கையே செத்துப்போமாம். உங்கடை வீட்டிலை அப்பிள் இருக்காதுதானே?"

இருக்காதுதான். ட்ருகனினாவில் நாலு ஆம்பிளைகள் சேர்ந்து எடுத்திருக்கிற வாடகை வீடு அது. எல்லோருக்கும் என்னைப் போலத் தற்காலிக விசா. ஒருவருக்கு ஒருவர் முகம் பார்க்காத ஷிப்ட் வேலை. பிரிட்ஜில் முட்டை, தயிர், மீன், வெங்காயம். அன்ரி சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. பையை வாங்கி, மரக்கறித் தட்டில் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் விட்டேன். பூக்கிழங்கைக் குளிர வைக்கிறேன் என்று சொல்லி அவர்களிடம் பகிடி வாங்க எனக்கு விருப்பமில்லை. அந்த வீறாப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

ஐந்தாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து பசியோடு வந்தேன். எங்கள் நாலு பேரில் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறவன்தான் கொஞ்சம் சமைக்கத் தெரிந்தவன். அன்றைக்கு அவனுக்கு லீவு. புட்டு அவித்து, புளி விட்டு ஒரு குழம்பு வைத்திருந்தான். சாப்பாட்டுக் கோப்பை நிறையப் போட்டுக்கொண்டு தின்ன உட்கார்ந்தேன். குழம்பில் கிடந்தது முழு முழு வெங்காயம். கடித்தால் மாப்போல இருந்தது, நடுவில் ஒரு கசப்பு.

"என்னடா வெங்காயம் இது?"

"நீதானே வாங்கி வைச்சனி. உறைப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. உரிக்கேக்கை கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை மச்சான். இனி அந்தக் கடையிலை வாங்காதை."

வாயில் இருந்ததை விழுங்கினதா துப்பினதா என்று இப்போது நினைவில்லை. குப்பைவாளியைத் திறந்தேன். பழுப்புத் தோல்கள். பழுப்புக் காகிதப் பை. நாற்பதையும் உரித்துப் போட்டிருந்தான். வீணாக்கக்கூடாது என்கிற நல்ல பழக்கம் உள்ளவன். பின்னேரம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் முறை போட்டுச் சத்தி எடுத்தோம். தோட்டச் சங்கத்தின் ஒக்டோபர் மாதம் முழுவதும் எங்கள் கழிவறையில் போனது.

உடனே அன்ரிக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். எடுத்தேன். அந்த மலைப்பக்கத்து நாற்றுப் பண்ணைக்குத்தான் எடுத்தேன். அந்த நிறம் முடிந்துவிட்டது, இனி அடுத்த வருடம்தான் என்றாள் ஒரு பெண். போனைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். உள்ளதைச் சொன்னால் அன்ரிக்கு டியூலிப் இல்லை. டியூலிப் இல்லாவிட்டால் திறந்த தோட்டம் இல்லை. திறந்த தோட்டம் இல்லாமல் போன ஆத்திரத்தில் எனக்குக் கடிதம் இல்லை. ஒரு குழம்புக்காக நான் கொழும்புக்குப் பிளேன் ஏறுவதா?

அடுத்த நாள் டார்னெய்ட்டில் இந்தியக் கடைக்குப் போய் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். அதில் உருண்டையான, திரட்சியான நாற்பதைப் பொறுக்கி, இன்னொரு பழுப்புக் காகிதப் பையில் போட்டேன். மண்ணுக்குள் போன பிறகு எது எதுவென்று யார் பார்க்கப்போகிறார்கள்? வசந்தத்தில் பூக்காவிட்டால் கிழங்கு பழுதென்று சொல்லலாம். அதற்குள் கடிதம் கைக்கு வந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் வெங்காயத்தை டியூலிப் பாத்தியில் மறைக்கப் புறப்பட்டேன்.

ஏப்ரல் முடிவில் ஒரு காலை நட்டேன். அன்ரி பின்பக்கத்துக் கதிரையில் ரீக் கோப்பையோடு இருந்தார். மடியில் அந்தத் தாள்.

"ஒரு சாண் ஆழம் போட்டிருக்கு தம்பி. முளைப்பக்கம் மேலை."

"ஓம் அன்ரி."

முதல் பத்தையும் தாளில் சொன்னபடி ஒரு சாண் ஆழத்தில் வைத்தேன். பிறகு கை தன்பாட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டது. காய்ந்த நுனியை நகத்தால் கிள்ளி எறிந்து, நாலு விரல் இடைவெளி விட்டு, கழுத்து வெளியே தெரிகிற அளவுக்குப் பெருவிரலால் ஒரு அழுத்து. அடுத்தது. ஒரு அழுத்து. நிமிர்ந்து பார்த்தபோது முப்பதும் வரிசையாக நட்டாகியிருந்தது. சின்ன வயதில் என்னை அடித்து அடித்துப் பழக்கிய வேலை, இருபது வருடம் கழித்தும் கையை விட்டுப் போகவில்லை. கழுத்துகளை மூடி அவசரமாகக் கொஞ்ச மண்ணைத் தூவினேன். அன்ரி ரீயை உறிஞ்சிக்கொண்டு பார்த்திருந்தார். பார்க்கட்டும், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டேன்.

"தண்ணி எத்தினை நாளைக்கு ஒருக்கா தம்பி?"

"நாலு நாளைக்கு ஒருக்கா அன்ரி" என்றேன் யோசிக்காமல்.

"ம்" என்று தாளில் ஒரு சரி போட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டாம் நாளே முளைத்துவிட்டது. அடுத்த கிழமை போனபோது பாத்தி முழுக்கப் பச்சைப் பச்சையாக வெங்காயத்தாள். டியூலிப் என்றால் யூலைக்கு முன் தலை காட்டாது என்று சங்கத்தின் தாளிலேயே போட்டிருந்தது. அன்ரி என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"பிரிட்ஜிலை வைச்சதாலை சுறுக்கா வந்திட்டுது அன்ரி" என்றேன்.

"ஓமோ?" என்றார். "விஞ்ஞானம் எங்கையோ போயிட்டுது."

உள்ளே போனவர் ஒரு கடித உறையோடு வந்தார். என் வான் வண்டியில் ஏறி, தெருமுனை திரும்பி, ஓரமாக நிறுத்திவிட்டுப் படித்தேன். ஒரு பக்கம், நல்ல ஆங்கிலம், கீழே கையெழுத்தும் முத்திரையும். நடுவில் ஒரு வசனம் இருந்தது. இவரை நான் ஆறு வருடமாக அறிவேன், இவர் நேர்மையானவர், கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்பவர். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினேன். குளிர்க்கிடங்குக்காரன் சிரித்து இருமல் வந்து எழுந்து போனான். வெங்காயத்தாளுக்கும் டியூலிப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு சமாதான நீதவான். வெள்ளைக்காரரோடு பழகிப் பழகிக் கண்ணும் போய்விட்டது மனிசிக்கு என்றேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் வெஸ்ட்கேட் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அந்த வசனத்தை நினைத்துத் தனியாகச் சிரிப்பேன்.

கடிதம் அமைச்சருக்குப் போய்விட்டது. வெங்காயம் வளர்ந்தது. பழுதென்று சொல்லிப் பிடுங்கிவிடலாம் என்று இரண்டு தரம் கேட்டேன். "கிடக்கட்டும் தம்பி" என்று மறுத்துவிட்டார். செப்ரெம்பரில் குளிர் பட்ட வெங்காயம் செய்கிற வேலையை அது செய்தது. தண்டு நீண்டு, உச்சியில் மொட்டு கட்டி, ஒக்டோபர் திறப்பு நாளுக்குச் சரியாக, முழங்கால் உயரத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைப் பூக்கள். முன்வரிசையில் முப்பது. ஒரு சாண் ஆழத்தில் நட்ட பத்தும் எழும்பவே இல்லை.

அன்றைக்குக் காலை பாதை கூட்ட என்னை வரச் சொல்லியிருந்தார். தொப்பிகள் வந்து இறங்கின. ரோசாவைப் பார்த்தார்கள், லவெண்டரைப் பார்த்தார்கள், கடைசியில் எல்லாத் தொப்பியும் என் பாத்தியைச் சுற்றிக் கூடிவிட்டன. எங்கே வாங்கினீர்கள் என்றாள் ஒருத்தி. என் டியூலிப் எல்லாவற்றையும் இரவில் மரத்தால் இறங்கிவருகிற பொசம் தின்றுவிட்டது, இதை எப்படித் தொடாமல் விட்டது என்றாள் இன்னொருத்தி. நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி, அன்ரி என்ன பெயர் சொல்லிச் சமாளிக்கப்போகிறார் என்று கேட்க ஆசையோடு நின்றேன். அவமானப்படப்போகிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அன்ரி ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். இது வெங்காயம். எங்கள் ஊரில் சமையலுக்குப் போடுவது. என் தகப்பன் இதைப் பயிர் செய்துதான் என்னைப் படிப்பித்தார்.

தொப்பிகள் அழகு, அழகு என்றன. எனக்கு விளக்குமாறு கையில் கனத்தது.

எல்லோரும் போனபிறகு குசினிக்குக் கூப்பிட்டார். மிச்சமிருந்த ஸ்கோனைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை.

"எப்பவிருந்து தெரியும் அன்ரி?"

"நீர் நடேக்கையே தெரியும். நுனி கிள்ளி, நாலு விரல் விட்டு, கழுத்துத் தெரிய நட்டால் அது என்ன டியூலிப்போ? எங்கடை ஐயாவும் அப்பிடித்தான் நடுவார். பிறகு நாலு நாளைக்கு ஒருக்காத் தண்ணி எண்டீர்." ரீயை ஊற்றினார். "என்ரை பல்புக்கு என்ன நடந்தது?"

சொன்னேன். புட்டோடு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ரவுண் எண்டு சொன்னீங்களே?"

"பிளேனிலை வந்த நேரம் அப்பிடிச் சொல்லிப் பழகினது. தோட்டக்காரன்ரை பெட்டை எண்டு சொன்னால் அப்ப இங்கை இருந்த எங்கடை ஆக்கள் இருக்கக் கதிரையும் தராயினம். நீர் பொய் சொன்னீர், நானும் சொன்னனான். அதுக்கு என்ன இப்ப?"

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அப்ப ஏன் அன்ரி நேர்மையானவர் எண்டு எழுதினீங்கள்? நட்டதுக்கு அடுத்த கிழமைதானே கடிதம் தந்தனீங்கள்."

என்னை அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடத்தில் தாளை விட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நான் குளிர்காலம் முழுவதும் அவரைப் பற்றி வைத்திருந்த இளக்காரம், அந்தப் பார்வையில் அப்படியே திரும்பி என்னிடம் வந்தது.

"வேறை என்னத்தை எழுதிறது? உம்மைப் பற்றி எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது ஒண்டுதான். நீர் நல்லா வெங்காயம் நடுவீர். அதை எழுதினால் விசா குடுப்பாங்களோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மற்றவன் மடையன் என்று நினைத்துச் சிரிக்கிறவனைப் போல ஒரு மடையன் இல்லை என்று ஊரில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அன்றைக்குப் போயிட்டு வாறன் என்று கூடச் சொல்லாமல் வெளியே வந்து, மிச்சப் பாதையையும் கூட்டிவிட்டுப் போனேன். பாலத்தில் நெரிசல். சிரிப்பு வரவில்லை.

அமைச்சரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வரும், வரும் என்கிறார் லோயர். இந்த வருடமும் மார்ச் பிறந்தது. பூத்த பெட்டூனியாவைப் பிடுங்கினேன், புல்லுக்கு உரம் போட்டேன், பாத்தியைக் கொத்தினேன். அன்ரி தாளில் சரி போட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பழுப்புக் காகிதப் பையோடு வந்தார். அதே கறுப்பு டியூலிப், இந்த முறை முன்கூட்டியே சொல்லி எடுப்பித்தது.

"நாற்பது இருக்கு" என்றார். "உம்மடை பிரிட்ஜிலை வையும்."

நான் கையை நீட்டாமல் நின்றேன். "உங்கடை பிரிட்ஜிலையே வையுங்கோ அன்ரி. அப்பிளை வேறை எங்கையும் வைக்கலாம்."

"பிடியும் தம்பி. எனக்கு வேலை கிடக்கு."

வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மூன்று பேரையும் கூப்பிட்டு, பிரிட்ஜைத் திறந்து காட்டி, இது என்னவென்று சொன்னேன். பகிடி பண்ணினார்கள், பண்ணட்டும் என்று விட்டேன். ஒக்டோபரில் இவை பூக்கும்போது நான் இந்த நாட்டில் இருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. கடிதத்தில் அவர் எழுதிய அந்த வசனம் ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கிறது, அதை இனி மாற்ற முடியாது. இப்போது மூன்றாவது கிழமை. விடிய வேலைக்குப் புறப்படுமுன் மரக்கறித் தட்டை இழுத்து, பையைத் திறந்து எண்ணுகிறேன். இன்று காலையும் நாற்பது இருந்தது.